வரப்பில் நின்றவர்களும் புழுவுக்குள் இருந்ததும்

அன்றைக்கு நம் பெரிய வயலின் வரப்பில் யார் யார் நின்றார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. பிறகு நீ, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆளை மாற்றிச் சொல்கிறாள் என்று சொல்லக்கூடாது. மேற்கு ஓரத்தில் கறுப்புக் குடையோடு உன் அப்பா. அவர் பக்கத்தில், ஆனால் குடைக்குள் வராமல், அவருடைய தங்கை ஸ்டெல்லா, உன் அத்தை. ஸ்டெல்லாவின் தோளை ஒட்டி மாப்பிள்ளையின் அம்மா சகாயமேரி, ஊதாப் பூப்போட்ட புடவையைச் சேறு படாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு அடுத்தது மாப்பிள்ளை சார்லஸ், பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன் கூட்டாளி. வாய்க்கால் மதகின் மேல் குந்தியிருந்தது நீ. டீத்தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தது உன் தங்கை லில்லி, கல்யாணப்பெண். வயலுக்குள் சேற்றில் நின்றது செல்லம்மாவும் அவள் கூட்டி வந்த நடவு ஆட்களும் நானும். வேறு ஒரு ஈ காக்கை இல்லை. அதனால் லில்லியின் கல்யாணத்தைக் கெடுத்தது இந்தப் பெயர்களுக்குள் ஒன்றுதான் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. எந்தப் பெயர் என்பதில்தான் இத்தனை வருஷம் போயிற்று.

போன வாரமும் நீ போனில், "அத்தைய கூட்டிட்டு வந்து நம்ம வீட்டுலயே வச்சுக்கம்மா, மாமாவும் போயிட்டாரு, தஞ்சாவூர்ல தனியா வாடகை வீட்ல கெடக்குறாங்க" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை லில்லி மகளிடம் கொடுத்துவிட்டேன். நீ நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து "விடும்மா" என்பாய், என் பேச்சு அறுந்துபோகும். அதனால் எழுதுகிறேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். இதை மடித்து ஒட்டி அனுப்பப்போவதில்லை. பேத்தி போட்டோ பிடித்து அனுப்புவாள். அவள் படிப்பாள், லில்லி படிப்பாள், ஸ்டெல்லாவுக்கும் நானே கொடுப்பேன். உன் கூட்டாளிக்கு நீ படித்துக் காட்டு. யார் படித்தாலும் எனக்குப் பயமில்லை.

நீ போர்ச்சுகலுக்குப் போகிறேன் என்றபோது மாதா காட்சி கொடுத்த பாத்திமா அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று மனம் சமாதானப்பட்டேன். அங்கே போய்ப் புழுவைப் பார்க்கிற வேலை என்று பிறகுதான் சொன்னாய். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. படித்த பிள்ளையை அவ்வளவு தூரம் கூப்பிட்டுப் புழு பார்க்கவா சம்பளம் தருவார்கள்? வீடியோவில் காட்டு என்றேன். நீ காட்டினாய். பூம்புகார்ப் பக்கம் கடலோரத்தில் சவுக்குத் தோப்பு நிற்குமே, அது போல உயர உயரமாய் மரம். பைன் மரம் என்றாய். பாதித் தோப்பு பச்சை, பாதி துருப்பிடித்த தகரம் மாதிரி சிவந்து போயிருந்தது. அன்றைக்கு நாம் பேசியதை நீ மறந்திருப்பாய். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"மரத்துக்குள்ள புழு போயிடுச்சுன்னா தண்ணி மேல ஏறாதும்மா. நல்லாப் பச்சையா நின்ன மரம் ஒரே பருவத்துல செவந்து செத்துப்போயிடும்."

"புழு எப்படிடா அவ்வளவு ஒசரம் ஏறுது?"

"வண்டு தூக்கிட்டு வரும். நீளமா மீசை வச்ச வண்டு. அது தளிரைக் கடிக்கிறப்ப அந்தக் காயத்து வழியா புழு எறங்கிடும்."

"அப்பக் குத்தம் வண்டு மேலயா, புழு மேலயா?"

"இன்னொண்ணு இருக்கும்மா. அந்தப் புழுவோட பாக்டீரியாவும் வருது. புழு மேல ஒட்டிக்கிட்டும் வருது, உள்ளயும் இருக்கு. அதுதான் மரத்துக்கு விஷம் வைக்குதுங்கறாங்க சில பேரு. இல்ல, அது சும்மா கூட வருது, அது இல்லாமலே புழு மரத்தைக் கொன்னுடும்ங்கறாங்க சில பேரு. எது நெசம்னு பாக்குறதுதான் என் வேல."

"இதுக்கா அவ்வளவு தூரம் போன? என்னைக் கேட்டிருந்தா இங்கயே சொல்லியிருப்பேன்."

"என்ன சொல்லியிருப்ப?"

"கூட இருந்தவனும் குத்தவாளிதான்னு சொல்லியிருப்பேன்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நீ ஜட்ஜா போயிருக்கணும்மா, ஊர்ல ஒருத்தன் வெளிய இருக்கமாட்டான்" என்றாய். சிரித்து முடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, என் கால் விஷயத்தைச் சொன்னாய். என் காலை வீங்கவைத்த புழுவுக்குள்ளும் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறதாம். அது உன் பைன் மரத்துக்காரன் இல்லை, வேறு வகை. ஆனால் இது சும்மா கூட வருகிறதா என்ற கேள்வியே இங்கே கிடையாதாம். இது இல்லாவிட்டால் அந்தப் புழு குட்டி போடாது, நாளடைவில் தானே செத்துப்போகும். புழு சாகும்போது கால் கொதிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டாம். அதைச் சொல்லிவிட்டு நீ வேலைக்குப் போய்விட்டாய். நான் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாய்க்கால் தண்ணீரைத் திட்டினேன். பிறகு கொசுவைத் திட்டினேன். பிறகு புழுவைத் திட்டினேன். இவ்வளவு திட்டியும் உள்ளே ஒன்று நிம்மதியாகக் குடியிருந்திருக்கிறது, அதன் பெயரைக்கூட நான் எடுத்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. காலைப் பற்றி அல்ல. வரப்பைப் பற்றி.

கால் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது. தெருவுக்கு இரண்டு வீட்டில் யானைக்கால் இருந்த காலம் ஒன்று உண்டு. என் மாமியாருக்கு இருந்தது. எனக்கும் கணுக்காலில் லேசாக வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடித்தது சார்லஸ். அப்போது அவன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலைக்குப் புதிதாகப் போயிருந்தான். உன்னைப் பார்க்க வந்தவன் நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ரத்தம் எடுத்துப் பாத்துடலாங்க" என்றான். ராத்திரியில்தான் எடுக்க வேண்டுமாம், பகலில் அந்தப் புழுக்குட்டிகள் ரத்தத்தில் தலைகாட்டாதாம். பகலில் ஒளிந்துகொண்டு ராத்திரி உலாத்துகிற ஜந்து நல்ல ஜந்தாக இருக்குமா? அவனே வந்து எடுத்தான், அவனே பார்த்தான், அவனே மாத்திரை கொண்டுவந்தான். கொண்டுவந்து கொடுத்த காலையில் அவன் வாசலில் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மாத்திரை அட்டையை என் கையில் வைத்து, சொன்னான்:

"பயப்படாதீங்கம்மா. இது கொசுவால வர்றதுதான். பரம்பரையா வராது, தொட்டா ஒட்டாது. லில்லிக்கோ அவனுக்கோ ஒண்ணும் வராதுங்க. நான் கண்ணால பாக்குறேன்ல, தெனம் இதுதானே என் வேல."

அந்தச் சொல்லுக்காகத்தான் தம்பி அவனை எனக்குப் பிடித்தது. படித்தவன், நம் வேதக்காரன், என் காலைப் பார்த்து முகம் சுளிக்காதவன். லில்லிக்கு அவனைக் கேட்கலாமா என்று உன் அப்பாவிடம் முதலில் பேச்சை எடுத்தது நானேதான். ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் புருஷனின் அக்கா மகனுக்கு லில்லியைக் கேட்டுவிட்டு, நான் கொடுக்கமாட்டேன் என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்த சமயம் அது. இதையும் நினைவில் வைத்துக்கொள்.

நிச்சயத்தன்று நான் புடவையைத் தரையில் புரளவிட்டுக் கட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சகாயமேரி பந்தியில் நின்று பரிமாறினாள், பெண்ணைப் பெற்ற நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதில் முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் நம் வீட்டுப் பெயர் கோயில் முழுக்கக் கேட்டது. அந்த வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் ஒரே ராத்திரியில் உரல் மாதிரி ஆகிவிட்டது. புடவைக்கு அடங்கவில்லை. அப்போது பார்த்து சகாயமேரி, கல்யாணப்புடவை எடுக்க நாள் பேச வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லியனுப்பினாள். நான் யோசித்தேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் தெரியும், படுத்தால் காய்ச்சல் என்று தெரியும். வயலில் இறங்கி நின்றால் முழங்கால் வரைக்கும் சேறு. சேற்றுக்குள் யார் கால் எப்படி இருந்தால் யாருக்குத் தெரியும்? சம்பா நடவை அந்த நாளுக்கே வைத்தேன். செல்லம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நாத்து நடுறதுக்குப் பதிலா ஒங்களை நட்டுட்டுப் போவணுமா?" என்று திட்டினாள். காய்ச்சல் காலோடு சேற்றில் இறங்கினால் விரலிடுக்குப் புண் வழியாக எல்லாம் உள்ளே போகும், வீக்கம் பிறகு இறங்கவே இறங்காது என்று நீ படித்து முடித்த பிறகு சொன்னாய். உண்மைதான். அந்த நடவோடு ஏறிய வீக்கம்தான் இப்போது இருப்பது. ஆனால் மகள் கல்யாணத்துக்காக ஒரு தாய் ஒரு பகல் சேற்றில் நின்றது தப்பு என்று யாரும் என்னிடம் சொல்லத் தேவையில்லை.

வந்தார்கள். வரப்பில் நின்றுகொண்டு சகாயமேரி கூப்பிட்டாள்.

"என்னங்க சம்பந்தி, இவ்வளவு தூரம் வந்திருக்கோம், கரையேறி வந்து ஒரு வார்த்த பேசக்கூடாதா?"

"நாத்து வாடிடும் சம்பந்தி. பறிச்சுப் போட்ட நாத்துமுடிய பாதியில விட்டுட்டு வந்தா நெலம் என்னைச் சும்மா விடாது. நீங்க டீ சாப்பிடுங்க, தோ முடிச்சுட்டேன்."

"ஆளுங்கதான் இருக்காங்களே."

செல்லம்மா நிமிராமலே குரல் கொடுத்தாள். "எங்க அக்கா மண்ணுல எறங்கிட்டா கிரேன் வச்சுத் தூக்குனாத்தான் உண்டுங்க. கல்யாணத்தன்னிக்கு மட்டும் நேரத்தோட கோயிலுக்கு வரச்சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து நாற்றுமுடியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது பார்த்தேன். ஸ்டெல்லா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சகாயமேரியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சகாயமேரி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் புடவை தண்ணீரைத் தொடுகிற இடத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை சேற்றைத் துளைத்துக்கொண்டு போய் என் கணுக்காலைத் தொட்டது. பக்கத்தில் சார்லஸ் தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். லில்லி கொடுத்த டீயை சகாயமேரி வாங்கிக் கையிலேயே வைத்திருந்து, ஆறிய பிறகு வரப்பு ஓரத்தில் ஊற்றினாள்.

மூன்றாவது ஞாயிறு லில்லி நிச்சயத்துக்கு எடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சாமியார் காகிதத்தைப் பிரித்தார். முதலில் ஒரு ஜோடி. பிறகு இன்னொரு ஜோடி. பிறகு காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார். கோயிலில் ஒரு தலை கூடத் திரும்பவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அத்தனை பேரும் திரும்பிவிடக்கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லில்லி தலையில் போட்டிருந்த முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் செய்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு கோயில் உபதேசியார் வந்து, பையன் வீட்டில் இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். தள்ளி எங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

லில்லி பிறகு நன்னிலத்தில் வாழ்க்கைப்பட்டாள், நல்ல மனிதர், எனக்கு மாப்பிள்ளை மேல் குறையில்லை. அவள் "அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேம்மா" என்பாள். மறந்தவள் ஏன் குளித்துவிட்டு வந்ததும் கட்டைவிரலால் தன் கணுக்காலை அழுத்திப் பார்க்கிறாள்? குழி விழுகிறதா என்று பார்க்கிறாள். தன் மகள் காலையும் அப்படித்தான் பார்க்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் மறக்கட்டும், அது அவள் இஷ்டம். எனக்கு மறதி வராது.

அன்றிலிருந்து ஸ்டெல்லாவோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் அப்பா சாகக் கிடந்தபோதும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கோயிலில் பரலோக மந்திரம் சொல்லும்போது, நமக்குத் தீங்கு செய்தவர்களைப் பொறுப்பதாகச் சொல்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லிக் கடவுளை ஏமாற்ற எனக்குத் தெரியாது. அந்த இடத்தைத் தாண்டியதும் சேர்ந்துகொள்வேன். சார்லஸ் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தான். "அவன் என்னம்மா பண்ணுவான், அவங்கம்மா பிடிவாதம், அம்மா பேச்சை மீறமுடியாம அழுதான்" என்று நீதான் சொன்னாய். அம்மா பேச்சைக் கேட்கிற பிள்ளையை நான் எப்படிக் குறை சொல்வேன்? நீ வெளிநாடு போன பிறகு மாத்திரை வாங்கிவருவது அவன், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக அடுப்படி வரைக்கும் வருவான். என் கையால் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறான் என்று அவனையே கேள்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு உன் அப்பா கல்லறைக்குப் போனேன். ஸ்டெல்லாவும் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். எல்லா வருஷமும் அப்படித்தான். தலைமாட்டில் நான் மெழுகுதிரி ஏற்றுவேன், கால்மாட்டில் அவள் ஏற்றுவாள், நடுவில் உன் அப்பா. அன்றைக்குக் காற்று. அவள் திரி நின்று எரியவில்லை.

"அண்ணி, தீப்பெட்டி இருக்கா? என்னோடது நமுத்துப்போச்சு."

நான் தீப்பெட்டியைக் கல்லின் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? எங்கண்ணனே நம்ம ரெண்டு பேர் சண்டையையும் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கலாம்னுதான் போய்ச் சேந்தாரு. அவருக்கு அதுவும் கெடைக்கல."

"அன்னைக்கு வரப்புல அவ காதுல என்ன ஊதுன?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

அவள் திரியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதைக் கேக்க ஒங்களுக்கு இவ்வளவு காலமாச்சா?"

"சொல்லு."

"நான் ஊதல. அவங்கதான் என்னைக் கேட்டாங்க. 'ஒங்க அண்ணிக்கு யானைக்காலாமே, எங்க சார்லஸ்தான் மாத்திர வாங்கிக் குடுத்தானாம். பொறக்குற புள்ளைக்கும் வருமா'ன்னு. நான் சொன்னேன், 'அது கொசுவால வர்றது, எங்க ஊருல பாதிப்பேருக்கு இருந்தது, எங்கம்மாவுக்கே இருந்தது, எனக்கு இருக்கா பாருங்க'ன்னு வரப்புலயே பொடவையைத் தூக்கிக் கணுக்கால காட்டுனேன். அவங்க நம்பல."

"அப்புறம்?"

"பக்கத்துல நின்ன மவனைக் கேட்டாங்க. 'ஏன்டா, நீதானே இதப் பாக்குற. வருமா, வராதா?' அப்டின்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"'எனக்கெப்டிம்மா தெரியும்'னான். செல்லுல என்னமோ நோண்டிக்கிட்டே."

நான் அவளை நம்பவில்லை. தனியாகக் கிடக்கிறாள், பிறந்த வீட்டில் ஒரு அறை வேண்டும், நீயும் போனில் சிபாரிசு செய்கிறாய், அதற்குத் தோதாக ஒரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உண்மையாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்று சொல்லியிருக்க வேண்டாமா? அதையும் கேட்டேன். "நீங்க கதவைச் சாத்துன சத்தம் ஆத்துக்கு அந்தாண்ட கேட்டுச்சு அண்ணி" என்றாள். கடைசி பஸ் போய்விட்டதால் அன்று நம் வீட்டில்தான் தங்கினாள். மறுநாள் காலையில் நான் முற்றத்தில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். எனக்கு இப்போது அவ்வளவு குனிய முடியவில்லை, இதை நான் உனக்குச் சொன்னதில்லை. ஸ்டெல்லா வந்து எதிரில் உட்கார்ந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். "பாருங்க, இங்க ஈரம் நிக்குது, புண்ணாவப் போவுது" என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைத்தாள். இவள் இதற்குப் பதிலாக என்ன கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். காப்பிக்குச் சர்க்கரை எங்கே என்றுதான் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை சார்லஸ் வந்தான், வழக்கம்போல மாத்திரையோடு. ஸ்டெல்லா அதற்குள் ஊருக்குப் போயிருந்தாள், அதனால் அவள் எதிரில் கேட்டு அவனை மாட்டிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அவன் முதல் கவளம் எடுக்கும்வரை பொறுத்தேன்.

"ஏன்டா சார்லசு, அன்னைக்கு நடவு வயல்ல ஒங்கம்மா ஒன்னை ஒண்ணு கேட்டாங்களே, பரம்பரையா வருமான்னு. நீ என்ன சொன்ன?"

கவளம் கையிலேயே நின்றது. ஸ்டெல்லா சொன்னது பொய்யாக இருந்தால் அவன், 'எப்பம்மா, எந்த வயல்ல' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப..."

"என்ன சொன்ன?"

"அப்ப எனக்கும் அவ்வளவாத் தெரியாதுங்கம்மா. வேலைக்குப் புதுசு."

"வேலைக்குப் புதுசா இருந்தப்பதான்டா வாசல்ல வண்டிய நிறுத்தி, எறங்காம, ஒத்தக் கால ஊனிக்கிட்டு எனக்குச் சொன்ன. கொசுவால வர்றது, பரம்பரையா வராது, தொட்டா ஒட்டாது, நான் கண்ணால பாக்குறேன்னு. நீல சட்டை போட்டிருந்த. வண்டி ஹாண்டில்ல ஜெபமாலை தொங்குச்சு."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று செல்போனைப் பார்த்த மாதிரி இன்று இலையைப் பார்த்தான். "எங்கம்மா ஒத்துக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சும்மா. எதுக்கு வீண் சண்டைன்னு..." என்றான். நான் மோர் ஊற்றினேன். என் வீட்டில் உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்பக்கூடாது என்பதற்காக ஊற்றினேன். மாத்திரையை வாங்கிக்கொள்ளவில்லை. வாசல்வரை போய், இனிமேல் ஸ்டெல்லா வாங்கிவருவாள், நீ அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன் தம்பி. மதகின் மேல் நீ குந்தியிருந்தாய். அவர்கள் பேசுவது கேட்கிற தூரம்தான் அது. நான் மதகுக்கே போய் நின்று பார்த்தும்விட்டேன், பேத்தியை வரப்பில் நிற்கவைத்துப் பேசச்சொல்லிக் கேட்டேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் கேட்காது, சாதாரணமாகக் கேட்கும். அன்று எந்தக் காற்று என்பது ஒன்றுதான் எனக்கு நினைவில் இல்லை. எத்தனையோ தடவை நீ "யார் சொன்னா என்னம்மா, விடும்மா" என்றாயே, அது தெரியாமல் சொன்னதா, தெரிந்து சொன்னதா? எழுத்தில் பதில் போடாதே, போனிலும் சொல்லாதே. கிறிஸ்துமசுக்கு வா. உன் முகத்தை நேரில் பார்த்துக் கேட்பேன். எதுவாக இருந்தாலும் நீ என் பிள்ளை, சோறு போடுவேன். ஆனால் கேட்பேன்.

ஸ்டெல்லா வரட்டும். முன் அறையில் இருந்த நெல் மூட்டைகளைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொல்லி என்னிடம் வராதே, நான் கேட்கவும் மாட்டேன். அவள் என் காலைத் துடைக்கிறாள், நான் அவளுக்குக் காப்பி போடுகிறேன், சண்டை போட நிறைய பாக்கி இருக்கிறது, மெதுவாகப் போட்டுக்கொள்கிறோம். சகாயமேரி மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. பிறக்கப்போகிற பேரப்பிள்ளையை நினைத்துப் பயந்தாள். தெரியாததைத் தெரிந்தவனிடம்தான் கேட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

உன் பைன் மரம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த பாக்டீரியா விஷம் வைத்ததா, சும்மா கூட வந்ததா என்று நீ நிதானமாகப் பார். இது நாள்வரை நான் கூட இருந்தவனும் குற்றவாளி என்றேன். இப்போது கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வண்டுக்குப் பசி, தளிரைக் கடிக்கிறது. புழுவுக்கு ஒதுங்க இடம் வேண்டும், மரத்துக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கிற அந்தத் துளியூண்டு ஜந்துவுக்கு மரம் என்றால் என்ன, மனுஷக் கால் என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. அதை யாரும் கூப்பிட்டு இது நியாயமா என்று கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல அதற்கு வாய் கிடையாது. அதனால் என் காலில் கடித்த கொசுவைப் பொறுத்துவிட்டேன், புழுவைப் பொறுத்துவிட்டேன், புழுவுக்குள் குடியிருந்ததையும் பொறுத்துவிட்டேன். போன ஞாயிறு கோயிலில் பரலோக மந்திரத்தை நடுவில் நிறுத்தாமல் முழுவதும் சொன்னேன். பக்கத்தில் இருந்த செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முழுவதும் சொன்னேனே தவிர, மனதுக்குள் ஒரு பெயரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன். என் ரத்தத்தைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தன் கண்ணால் பார்த்தவன், கேட்ட இடத்தில் நின்றவன், வாய் இருந்தவன், லில்லி டீத்தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு வார்த்தை, 'வராதும்மா' என்ற ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன். சார்லஸ்.